ஒரு சிட்டிகைத் தூபம்: பிளினியின் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு கேள்வி

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ரோமாபுரியும் கிறிஸ்தவர்களும் என்றாலே சிறு வயதிலிருந்து எனக்கு ஒரே படம்தான் கண்ணில் நிற்கும். வட்ட அரங்கு, சிங்கம், நடுவில் முழந்தாளிட்ட கூட்டம். போன மாதம் பிளினி டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். சிங்கமும் இல்லை, அரங்கும் இல்லை. ஓர் அதிகாரி மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதிய கடிதம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுதியது கி.பி. 112 வாக்கில். பிளினி அப்போது பித்தினியா, பொந்து என்ற இரட்டை மாகாணத்தின் ஆளுநர். இன்றைய துருக்கியின் வடக்குப் பக்கம், கருங்கடல் ஓரம். கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டிச் சிலரை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மனிதர் நீதிமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனாலும் இப்படி ஒரு விசாரணையில் தான் இருந்ததே இல்லை என்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வித்தியாசம் பார்க்கலாமா? மனம் மாறினால் மன்னிக்கலாமா? கிறிஸ்தவன் என்ற பெயருக்கே தண்டனையா, அந்தப் பெயரோடு ஒட்டியிருப்பதாகச் சொல்லப்படும் குற்றங்களுக்குத் தண்டனையா?

இதில் கொடுமை என்னவென்றால், கேள்வி ராஜாவுக்குப் போய்ச் சேரும் முன்பே இவர் தண்டித்துவிட்டார். "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்பார். ஆம் என்றால், மரண தண்டனை என்று மிரட்டி இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பார். மூன்றாவதிலும் ஆம் என்றால் கொண்டுபோகச் சொல்லிவிடுவார். அவர்கள் ஒப்புக்கொண்டது எதுவாக இருந்தாலும், அந்தப் பிடிவாதத்துக்கும் வளையாத முரண்டுக்குமாவது தண்டிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இல்லை என்றவர்களுக்கு வேறு சோதனை. பேரரசரின் உருவத்தையும் தெய்வச் சிலைகளையும் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் முன் தூபமும் திராட்சரசமும் வைத்துக் கும்பிட வேண்டும். கிறிஸ்துவைப் பழிக்க வேண்டும். செய்தால் வீட்டுக்குப் போகலாம்.

என் கேள்வி இதுதான். திருடனை "இனி திருடமாட்டேன் என்று சொல், விட்டுவிடுகிறேன்" என்று எந்த நீதிபதியும் விடமாட்டார். இங்கே மட்டும் ஒரு சிட்டிகைத் தூபம் போட்டால் விடுதலை. அப்படியானால் அவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

ஓலைச்சுவடி

நல்ல இழை. பிளினியே திணறிய கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், எனவே ஒரே வரியில் பதில் கிடைக்காது. என் புரிதலைச் சொல்கிறேன்.

ரோமருக்கு மதம் என்பது மனத்துக்குள் நம்பும் காரியம் இல்லை. ஊர் கூடிச் செய்யும் காரியம். தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவந்தால் அவை ஊரைக் காக்கும். ஒரு கூட்டம் விலகி நின்றால் பஞ்சம், கொள்ளைநோய், நிலநடுக்கம் எல்லோர் தலையிலும் விழும். கையில் தூபத்தோடு நிற்பவன் உள்ளுக்குள் என்ன நினைக்கிறான் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

உடனே யாராவது கேட்பார்கள், யூதர்களும் பலியிட மறுத்தார்களே என்று. யூதர்களுக்கு மூதாதையர் வழக்கம் என்ற தற்காப்பு இருந்தது. பழையது எதுவானாலும் ரோமர் அதற்கு மரியாதை கொடுப்பார்கள், பிடிக்காவிட்டாலும் சரி. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகும் யூதர்களிடம் தனி வரி வாங்கிக்கொண்டு அவர்கள் வழிபாட்டை விட்டுவைத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பழமை இல்லை. யூத வழக்கத்தையும் விட்டார்கள், பிறந்த ஊரின் தெய்வங்களையும் விட்டார்கள். ரோமர் கண்ணில் அது தாய்வீட்டை உதறிவிட்டு வந்த கூட்டம். பிளினி அவர்கள் வழிபாட்டுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: அளவுமீறிய, கெட்டுப்போன மூடநம்பிக்கை.

நெல்லைச்சீமை

ஓலைச்சுவடி ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் தெய்வக் குற்றத்தை முதலில் வைப்பது சரியில்லை. ரோம ஆட்சிக்குப் பயம் தெய்வத்தைப் பற்றியதே அல்ல, கூட்டம் கூடுவதைப் பற்றியது.

அதே கடிதத் தொகுப்பில் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். நிக்கோமீடியா நகரத்தில் பெரிய தீ. வீடுகள் நிறைய எரிந்துபோயின. நடுவில் தெரு இருந்தும் இரண்டு பொதுக் கட்டடங்களும் எரிந்தன. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், ஊரில் ஒரு வாளிகூட இல்லை என்று பிளினி எழுதுகிறார். 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்று அமைக்கட்டுமா, கைவினைஞர்களை மட்டும் சேர்க்கிறேன், நானே கண்காணிக்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார்.

டிராஜன் மறுத்துவிட்டார். அந்த மாகாணத்தில் இப்படிப்பட்ட சங்கங்களால்தான் குழப்பமே வந்தது. என்ன பெயர் வைத்தாலும், எதற்காகக் கூடினாலும், கடைசியில் அது அரசியல் கூட்டமாகிவிடும் என்றார். கருவிகளை வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

ஊர் எரிந்தாலும் பரவாயில்லை, 150 பேர் சேரக்கூடாது என்ற ஆட்சி, விடிவதற்கு முன் இருட்டில் கூடும் கூட்டத்தைச் சும்மா விடுமா? சங்கங்களைத் தடைசெய்து பிளினி ஆணை போட்டதும் கிறிஸ்தவர்கள் சேர்ந்து உண்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. இழையைத் திறந்தவர் அதை விட்டுவிட்டார்.

குமரிமுனை

தம்பிகள் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் மனம் நொந்துதான் எழுதுகிறேன். சங்கம், சட்டம், பழைய வழக்கம் என்று இருவரும் பேசுகிறீர்கள். அந்தக் கடிதத்தின் நடுவில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இதுவரை யாரும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

விலகி வந்தவர்கள் சொன்ன வாக்குமூலம் பிளினிக்குப் போதவில்லை. குறித்த நாளில் விடியுமுன் கூடுவோம். கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறிமாறிப் பாடுவோம். திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கைத் தவறமாட்டோம், ஒருவர் நம்பி வைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம் என்று ஆணையிட்டுக்கொள்வோம். பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சாதாரண உணவைச் சேர்ந்து சாப்பிடுவோம் என்றார்கள். உண்மை இதுதானா என்று பார்க்க அவர் இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்து வதைத்தார். அடிமையின் சாட்சியம் வதைத்து வாங்கினால்தான் செல்லும் என்பது ரோமரின் வழக்கம்.

அந்தப் பெண்களைச் சபையார் எப்படி அழைத்தார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்: ஊழியக்காரிகள். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் வருகிறாளே, அதே வகையான பொறுப்பு. வீட்டில் எஜமானுக்கு அடிமை. சபையில் பொறுப்புள்ள மூத்தவள். அவர்கள் பெயரைப் பிளினி எழுதவில்லை. மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்று மட்டும் எழுதினார். அடித்து நொறுக்கியும் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை என்பதற்கு அவர் கடிதமே சாட்சி.

இன்னொன்று. பித்தினியா என்ற பெயர் வேதம் வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. பவுல் அங்கே போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பேதுருவின் முதல் நிருபம் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று இதே ஊர்களைத்தான் விளிக்கிறது. பவுல் போகமுடியாமல் போய் அறுபது வருஷம் இருக்கும். அதற்குள் நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் வயல்காடுகளிலும் இது பரவிவிட்டது, எல்லா வயதிலும் எல்லா அந்தஸ்திலும் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள் என்று பிளினி பதறுகிறார். பிடிபட்டவர்களில் ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் தலைநகருக்கு அனுப்பப் பெயர் குறித்து வைத்தாராம். ரோமக் குடிமகனான பவுல் பேரரசரிடம் முறையிட்டு "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று சொன்னது ஞாபகம் வருகிறதா? அந்தச் சலுகை அந்த இரண்டு பெண்களுக்கு இல்லை.

பனித்துளி

அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தேகம். மொத்தத்தில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? லட்சக்கணக்கில் என்று சிலரும், எல்லாமே பிற்காலக் கட்டுக்கதை என்று சிலரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஓலைச்சுவடி

இரண்டையும் நம்பாதீர்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதுகிறார்: விசுவாசத்துக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள் என்று. அவர் எதிரி இல்லை. அவருடைய தகப்பனாரே மறைசாட்சியாக இறந்தவர். ஆகவே லட்சம் என்ற பேச்சு நிற்காது. பேரரசர் நீரோ கி.பி. 64இல் ரோம் எரிந்த பிறகு செய்தது கொடூரம்தான், ஆனால் அது அந்த ஒரு நகரத்தோடு முடிந்தது. 250 வரைக்கும் பேரரசு முழுவதற்குமான ஆணை என்று ஒன்று வந்ததில்லை. நடந்ததெல்லாம் அந்தந்த ஊரில், அந்தந்த ஆளுநர் காலத்தில், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததால்.

டிராஜன் பிளினிக்கு எழுதிய பதிலும் அப்படித்தான் போகிறது. அவர்களைத் தேடிப் போகாதே. யாராவது குற்றஞ்சாட்டி நிரூபித்தால் தண்டி. மறுத்து, நம் தெய்வங்களை வணங்கினால் பழையதைப் பார்க்காமல் விட்டுவிடு. மொட்டைக் கடுதாசியை எடுத்துக்கொள்ளாதே. அது நம் காலத்துக்குத் தகுந்த செயல் அல்ல. பிளினியிடம் பெயர் போடாத ஒரு பட்டியல் வந்திருந்தது, அதற்குத்தான் இந்த வரி.

கட்டுக்கதை என்பவர்களுக்கு ஒரே ஒரு பதிவைக் காட்டினால் போதும். 180 ஜூலை 17, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். சில்லியம் என்ற சிற்றூர்க்காரர்கள் 12 பேர், அதில் 5 பேர் பெண்கள். ஆளுநர் சாட்டர்னினஸ். வாசித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் விசாரணை. ஸ்பெராத்துஸ் என்பவர் சொல்கிறார், நான் எதையும் திருடவில்லை, எதை வாங்கினாலும் தீர்வை கட்டுகிறேன் என்று. பெட்டியில் என்ன வைத்திருக்கிறாய் என்று ஆளுநர் கேட்க, புத்தகங்களும், பவுல் என்ற நேர்மையான மனிதரின் கடிதங்களும் என்கிறார். யோசித்துப் பார்க்க 30 நாள் தருகிறேன் என்கிறார் ஆளுநர். வேண்டாம் என்றார்கள். அன்றே தலையை வெட்டினார்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதால் பயம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், பனித்துளி. சண்டை போட்டுக்கொண்ட அண்டைவீட்டான் எப்போது வேண்டுமானாலும் ஆளுநரிடம் போகலாம் என்ற நிலையில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும்?

மணல்மேடு

250 என்ற வருஷத்தைத் தொட்டுவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. பாப்பிரஸ் என்ற நாணலில் செய்த பழைய எகிப்திய ஓலைகளைத்தான் நான் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டெசியஸ் பேரரசர் ஓர் ஆணை போட்டார். பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஒன்றின் வாசகத்தை என் தமிழில் தருகிறேன்:

"அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்தில் பலிகளை மேற்பார்வையிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, அதே கிராமத்தைச் சேர்ந்த சத்தாபூஸ் மகன் அவுரேலியஸ் தியோகெனெஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன். இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், திராட்சரசம் வார்த்தேன், பலிப்பொருளைச் சுவைத்தேன். இதற்குக் கீழே சான்றளிக்க வேண்டுகிறேன்."

கீழே வேறு கையெழுத்தில், பலியிட்டதைப் பார்த்ததாகச் சாட்சி. தேதி 250 ஜூன் 26.

அந்தத் தழும்பைக் கவனியுங்கள். ஆளை அடையாளம் காட்டத்தான் அங்க அடையாளம் எழுதுவார்கள். எகிப்தில் நில ஒப்பந்தத்திலும் இப்படித்தான். 72 வயதுக் கிழவர் வரிசையில் நிற்கிறார், எழுத்தர் தலையைத் தூக்கி அவர் முகத்தை ஒரு நொடி பார்க்கிறார், "வலது புருவத்தில் தழும்பு" என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அவர் கிறிஸ்தவரா இல்லையா என்று அந்த ஓலை சொல்லாது. பெரும்பாலும் இல்லை. ஏனென்றால் இந்தச் சான்றிதழ் எல்லோருக்கும்தான். பெத்தேசூகோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் வாங்கியிருக்கிறாள். தெய்வத்துக்கே பூசை செய்கிறவள், தெய்வங்களுக்குப் பலியிட்டேன் என்று எழுதிக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது!

எல்லோர் பெயரும் அவுரேலியஸ், அவுரேலியா என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. 212இல் பேரரசர் கரகல்லா ரோமப் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். அவருடைய குலப்பெயரை எல்லோரும் சேர்த்துக்கொண்டார்கள். குமரிமுனை அக்கா சொன்ன குடியுரிமைச் சலுகை அப்படி எல்லோருக்கும் வந்தது. எல்லோரும் குடிமக்கள் என்றானபின், எல்லோரையும் பலிபீடத்துக்குக் கூப்பிடுவதும் சுலபமாயிற்று.

கொற்கைக்கடல்

ஒரு சின்னத் துணைச்செய்தி, தவறாக நினைக்க வேண்டாம். இந்த ஆளுநர் பிளினியின் தாய்மாமன்தான் மூத்த பிளினி. சகோதரி மகனைத் தன் உயிலில் தத்தெடுத்தவர். 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்று வருத்தப்பட்டு எழுதினாரே, அவரேதான். நம் சேரநாட்டு முசிறியில் இறங்கிய ரோமப் பொன்னைக் கணக்குப் பார்த்தவர் மாமன். கருங்கடல் கரையில் கிறிஸ்தவர்களைக் கணக்குப் பார்த்தவர் மருமகன்.

குமரிமுனை

மணல்மேடு தம்பி காட்டிய அந்த ஓலை என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. சபையில் இரத்தசாட்சிகளைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஆனால் அவர்கள்தானே அதிகம்? கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்பிரியானுடைய கடிதங்களில் அது தெரிகிறது. ஆணை வந்ததும் ஜனங்கள் பிடிக்க ஆள் வரும்வரைகூடக் காத்திருக்காமல் தாங்களாகவே ஓடினார்களாம். சிலர் உண்மையாகவே பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிப்பிரியானே தலைமறைவாக இருந்துதான் சபையை நடத்தினார். அதற்காகப் பேச்சும் வாங்கினார். கடைசியில் 258 செப்டம்பர் 14இல், பேரரசர் வலேரியன் காலத்தில், அவரும் தலை கொடுத்தார்.

251இல் ஆணையின் வேகம் அடங்கியதும் எல்லோரும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். சேர்த்துக்கொள்வதா? சிறையில் கிடந்து வதைபட்டு வந்தவர்கள் சிலர் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ரோமில் நொவாசியன் என்ற மூப்பரின் கூட்டத்தார் ஒருக்காலும் கூடாது என்று பிரிந்தே போனார்கள். சிப்பிரியான் நடுவில் நின்றார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் நீண்ட தவத்துக்குப் பிறகு என்றார். மறுபடி உபத்திரவம் வரும்போல் தெரிந்ததும் அதையும் தளர்த்தினார்.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் யாரை உள்ளே விட்டிருப்பேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பிழைக்கட்டும் என்று ஒருவன் தான் மட்டும் போய்ப் பலியிட்டு வந்திருந்தால் அவனை வெளியே நிறுத்த எனக்கு வாய் வராது.

நெல்லைச்சீமை

என் முதல் பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். சங்கம் மட்டும்தான் காரணம் என்பது நிற்காது. சேர்ந்து உண்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் பிளினி விடவில்லையே. கூட்டம்தான் குற்றம் என்றால் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 197 வாக்கில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். டிராஜனின் தீர்ப்பு தன்னைத்தானே வெட்டுகிறது என்கிறார். தேடாதே என்றால் குற்றமில்லை என்று பொருள். தண்டி என்றால் குற்றம் உண்டு என்று பொருள். எப்படி இரண்டும் ஒரே வாயில் வரும்? மற்றக் குற்றவாளியை ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கிறீர்கள், எங்களை மறுக்கச் சொல்லி வதைக்கிறீர்கள் என்றும் கேட்கிறார். வைகைக்கரையின் கேள்வியும் அதுதானே.

இன்னொரு சின்ன வரியையும் பாருங்கள். கடிதத்தின் கடைசியில், வெறிச்சோடிய கோயில்களுக்கு மறுபடி ஆள் வருகிறது, நின்றுபோன சடங்குகள் நடக்கின்றன, பலி இறைச்சி விலைபோகிறது, இதுவரை வாங்க ஆள் கிடைப்பதே அரிது என்று பிளினி மகிழ்கிறார். புகார் கொடுத்தது யார் என்பதற்கு இங்கே ஒரு வாசல் திறக்கிறது. கோயிலை நம்பிக் கால்நடை விற்றவர், இறைச்சிக்கடை வைத்தவர் எல்லோருக்கும் நஷ்டம். எபேசுவில் தியானாள் கோயில் சொரூபங்களைச் செய்த தட்டான் தெமேத்திரியு கலகம் பண்ணினானே, நம் தொழில் போய்விடும் என்று. அதே வயிற்றெரிச்சல். பிளினி கடிதத்தில் இது உறுதி என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் ஓர் ஆளுநர் பேரரசருக்கு எழுதும் கடிதத்தில் இறைச்சி வியாபாரம் ஏன் வர வேண்டும்?

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இடையில் பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்புகளையும் படித்தேன். கார்த்தேஜ், 203. சுமார் 22 வயது, கையில் பால்குடிக்கும் குழந்தை. தகப்பன் சிறைக்கு வந்து அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, "மகளே" என்று கூப்பிடாமல் "அம்மணி" என்று கூப்பிட்டு அழுகிறார். விசாரணையில் அதிகாரி ஹிலாரியானுஸ், உன் அப்பாவின் நரைத்த தலைக்கு இரங்கு, பிள்ளைக்கு இரங்கு, பேரரசர்களின் நலனுக்காகப் பலியிடு என்கிறார். மாட்டேன் என்கிறாள். நடுவில் புகுந்த தகப்பனைத் தள்ளிவிடச் சொல்லிப் பிரம்பால் அடிக்கிறார்கள். என்னையே அடித்ததுபோல் வலித்தது என்று அவள் எழுதியிருக்கிறாள். கிறிஸ்தவனாக இல்லாத அந்தத் தகப்பனும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அவர் எந்தக் கூட்டத்திலும் சேராதவர். அடி அவருக்கும்தான் விழுந்தது.

மணல்மேடு அண்ணா, பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து ஓலைகள் இருந்தால் எழுதுங்களேன்.

மணல்மேடு

இருக்கின்றன. அதற்கு முன் நெல்லைச்சீமைக்கு ஒன்று. நீங்கள் சொன்ன அதே நிக்கோமீடியாவில்தான் கடைசிப் பெரும் உபத்திரவம் தொடங்கியது. 303 பிப்ரவரி 23. அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் மேட்டில் ஒரு தேவாலயம். கொளுத்திவிடலாம் என்றார் துணைப் பேரரசர் கலேரியஸ். டயோக்ளீஷியன் தடுத்தார், சுற்றிலும் பெரிய வீடுகள், தீ பரவிவிடும் என்று. காவற்படை கோடரியோடு வந்து சில மணி நேரத்தில் தரைமட்டமாக்கியது. டிராஜன் தீயணைப்புச் சங்கத்தை மறுத்து இருநூறு வருஷம் ஆகியிருக்க, அந்த ஊர் இன்னும் தீக்குப் பயந்துகொண்டுதான் இருந்தது.

புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும், சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது ஆணை. வட ஆப்பிரிக்காவில் சிர்தா என்ற நகரம், 303 மே 19. நகர அதிகாரி தேவாலயத்துக்கு வந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7 என்று போகிறது. அப்புறம் திடீரென்று பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த துணிகள் என்றுதான் படித்தவர்கள் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்களுடையது இவ்வளவு அதிகம் என்றால் கைம்பெண்களை நினைத்துத்தான். பிறகு அதிகாரிகள், சபையில் வேதம் வாசிக்கும் பொறுப்பிலிருந்த வாசகர்களுடைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார்கள். ஒரு வீட்டில் புருஷன் இல்லை, மனைவியே 6 புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். இன்னும் இருக்கிறதா என்று வீட்டைச் சோதிக்கிறார்கள்.

எகிப்தில் 304 பிப்ரவரி 5. கிசிஸ் என்ற கிராமத்துத் தேவாலயத்தின் வாசகர் அம்மோனியஸ் எழுதிக் கொடுக்கிறார்: எங்கள் தேவாலயத்தில் பொன் இல்லை, வெள்ளி இல்லை, காசு இல்லை, துணி இல்லை, கால்நடை இல்லை, அடிமை இல்லை, நிலம் இல்லை, இருந்த வெண்கலத்தைக் கொடுத்துவிட்டோம். கீழே அவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுகிறார், காரணம்: இவருக்கு எழுத்தறிவு இல்லை. வாசிப்பதே வேலையாக உள்ளவருக்கு எழுத்துத் தெரியாதாம். உண்மையிலேயே கிரேக்கம் எழுதத் தெரியாமல் எகிப்திய மொழியான கோப்திக் மட்டும் தெரிந்தவராக இருக்கலாம் என்பார்கள் சிலர். பேரரசர்கள் மேல் ஆணையிட்ட ஓலையில் தன் கை படக்கூடாது என்று நினைத்திருப்பார் என்பார்கள் சிலர். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன்.

பனித்துளி

சாகாமலும் விட்டுக்கொடுக்காமலும் தப்பியவர்கள் யாருமே இல்லையா அண்ணா?

மணல்மேடு

இருக்கிறார்கள். அந்தக் கிசிஸ் கிராமம் இருந்த ஆக்சிரிங்கஸ் வட்டாரத்துக் குப்பைமேட்டில் கிடைத்த கடிதம் ஒன்று. கொப்ரெஸ் என்பவன் சரப்பியாஸ் என்ற பெண்ணுக்கு எழுதுகிறான். சகோதரி என்று விளிக்கிறான். எகிப்தில் மனைவியையும் அப்படி அழைப்பார்கள். நில வழக்குக்காக வெளியூர் வந்திருக்கிறான். 11ஆம் தேதி வந்து சேர்ந்தோம் என்கிறான். அப்புறம், போகிறபோக்கில் சொல்வதுபோல ஒரு வரி: நீதிமன்றத்தில் ஆஜராகிறவர்கள் பலியிட வேண்டும் என்று தெரியவந்தது, எனவே என் சகோதரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். புலம்பல் இல்லை. உடனே வழக்கறிஞர், 12ஆம் தேதி, 14ஆம் தேதி, நிலம் என்று பேச்சு போய்விடுகிறது. தனக்குப் பதில் போய்ப் பலியிடத் தயங்காத ஒரு சகோதரன் அந்தக் குடும்பத்தில் இருந்திருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு வழி.

உபத்திரவம் தொடங்கி எட்டு வருஷம் கழித்து, 311 ஏப்ரல் 30இல், சாகக் கிடந்த கலேரியஸே ஆணையைத் திரும்ப வாங்கியதாக அதே நிக்கோமீடியாவில் அறிவித்தார்கள். கிறிஸ்தவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்காகவும் அரசுக்காகவும் தங்கள் தெய்வத்திடம் வேண்டிக்கொள்ளட்டும் என்று.

கொப்ரெஸின் கடிதத்தில் 99 என்று ஓர் எண் இருக்கிறது. கிரேக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண்மதிப்பு உண்டு. ஆமென் என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 1, 40, 8, 50, மொத்தம் 99. சரப்பியாஸுக்கு அது புரியும் என்று அவனுக்குத் தெரியும்.